உடைத்தால்தான் தெரியுமா?

வைகாசி பிறந்தால் மட்டக்களப்பு மாவட்டத்துக் களுவாஞ்சிக்குடியின் அயலூர்களில் கண்ணகை அம்மன் கோயில்களின் கதவு திறக்கும். ஆண்டின் பெரும்பகுதி பூட்டிக்கிடக்கும் கோயில்கள் அவை. செட்டிபாளையம், எருவில் என்று ஊருக்கு ஊர் வழக்கம் சற்று மாறும். ஆனாலும் கதவு திறத்தலில் தொடங்குகிற சடங்கு, கல்யாணக்கால் நட்டு, பூரணையை ஒட்டிக் குளிர்த்தி பாடி முடிவது பொது. இடைப்பட்ட இரவுகளில் கண்ணகி வழக்குரை படிப்பார்கள். மணலில் பாய் விரித்துக் குந்தியிருக்கும் சனம் பாதித் தூக்கத்தில் இருந்தாலும் ஓரிடத்தில் நிமிர்ந்து உட்காரும். பாண்டியன் சபையில் சிலம்பு உடைகிற இடம் அது.

பிறப்பு, கலியாணம், மாதவி, மதுரை என்று கதை எங்கெங்கோ போகிறது. இருந்தும் மட்டக்களப்பில் நூலுக்கு வழங்கும் பெயர் ஒரு வழக்கின் பெயர். இங்குள்ள கதையில் சிலப்பதிகாரத்தில் காணாத கிளை ஒன்றும் உண்டு. சிலம்புக்குள் இடுவதற்கு நாகமணி தேடி மீகாமன் கப்பலேறிப் போகிறான், வெடியரசனோடு பொருது மணியோடு திரும்புகிறான். அதனால் சிலம்பின் வயிற்றில் என்ன இருக்கிறது என்பது பாயில் இருக்கும் கிழவிக்கும் தெரியும், மடியில் படுத்திருக்கும் பேரப்பிள்ளைக்கும் தெரியும். அரசன் ஒருவனுக்குத்தான் தெரியாது.

தட்டான் சொன்னான், அரசன் நம்பினான், கோவலன் உயிர் போனது. வழக்குப்பொருளான சிலம்போ கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. உள்ளே முத்தா மாணிக்கமா என்று பார்த்திருந்தால் விசாரணை அங்கேயே முடிந்திருக்கும். கண்ணகி வந்து உடைத்த பிறகுதான் மாணிக்கப்பரல் தெறித்து உண்மை வெளியானது. அதற்குள் கொலை நடந்து முடிந்திருந்தது.

ஒரு பொருளின் உள்ளே இருப்பதை எதைக்கொண்டு அறிவது? பிறர் சொல்லைக் கொண்டா, உடைத்துப் பார்த்தா, அல்லது உடைக்காமலே ஊகித்தா? வைகாசி இரவில் கேட்கிற இந்தக் கேள்வியைச் சம்பளம் வாங்கிக்கொண்டு அன்றாடம் கேட்கிறவர்களும் இருக்கிறார்கள். சென்னைக்குத் தெற்கே கல்பாக்கத்தில் 1971இல் தொடங்கிய இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையத்தில் உலோகங்களை உடைப்பதே சிலரது வேலை.

உடைக்கிற விதம் எளிமையானது. சுண்டுவிரல் நீளத்தில் ஓர் உருக்குத் துண்டு. 55 மில்லிமீற்றர் நீளம், 10 மில்லிமீற்றர் அகலம், அதே அளவு தடிப்பு. நடுவில் 2 மில்லிமீற்றர் ஆழத்துக்கு ஆப்பு வடிவில் ஒரு வெட்டு. துண்டை இரண்டு தாங்கிகளுக்கு நடுவே வைத்து, ஊஞ்சல் போலத் தொங்கும் கனத்த சம்மட்டியை மேலிருந்து விடுவார்கள். சம்மட்டி துண்டை முறித்துக்கொண்டு மறுபக்கம் ஏறும். எவ்வளவு உயரம் குறைவாக ஏறுகிறதோ அவ்வளவு சக்தியை உருக்கு வாங்கிக்கொண்டது என்று கணக்கு. இந்த முறையோடு பெயர் ஒட்டிக்கொண்ட ஜோர்ஜ் சார்ப்பி என்ற பிரெஞ்சுக்காரர் 1901இல் இதை விளக்கி எழுதினார். இன்றும் உலகெங்கும் கப்பல், பாலம், அணுவுலை எல்லாவற்றின் உருக்கும் இந்த ஊஞ்சலுக்குக் கீழே ஒருமுறை கிடந்து வந்ததுதான்.

முறிந்த முகத்தைப் பார்த்தால் எண்ணுக்கும் மேலாகச் செய்தி கிடைக்கும். இளக்கமாக வளைந்து கிழிந்த உருக்கின் முகம் மங்கிய சாம்பல் நிறத்தில் நார்நாராக இருக்கும். நொறுங்கிய உருக்கின் முகமோ கற்கண்டை உடைத்தாற்போல் மினுங்கும். ஒரே வார்ப்பில் பிறந்த இரண்டு துண்டுகளில் ஒன்றைச் சூடாக வைத்தும் மற்றதைக் குளிரூட்டியும் உடைத்தால் இந்த இரண்டு முகங்களையும் பார்க்கலாம். ஒரு குறிப்பிட்ட வெப்பநிலைக்குக் கீழே போனதும் அதே உருக்கு குணம் மாறி நொறுங்கத் தொடங்குகிறது. அந்த எல்லை எங்கே இருக்கிறது, காலப்போக்கில் எவ்வளவு நகர்கிறது என்பதைச் சுற்றித்தான் எல்லா ஆராய்ச்சியும்.

கல்பாக்கத்து உலோகவியலாளர்கள் ஐதராபாத்தின் மிதானி உருக்காலையோடும் காந்திநகரின் பிளாஸ்மா ஆராய்ச்சி நிறுவனத்தோடும் சேர்ந்து அணுக்கரு இணைவு உலைக்கென்றே ஓர் உருக்கு உருவாக்கினார்கள். வழக்கமான உருக்கில் சேர்க்கும் மொலிப்டினமும் நையோபியமும் நியூத்திரன் பட்டால் நெடுங்காலம் கதிர்வீசிக்கொண்டிருக்கும். அவற்றின் இடத்தில் தங்குதனையும் தந்தாலத்தையும் வைத்தார்கள். தங்குதன் 1 முதல் 2 விழுக்காடு வரை, தந்தாலம் 0.06 முதல் 0.14 வரை என்று பல வார்ப்புகளை வார்த்து, நீட்டி, வளைத்து, முறித்துப் பார்த்து, கடைசியில் 9 விழுக்காடு குரோமியம், 1.4 தங்குதன், 0.06 தந்தாலம் என்ற கலவையில் வந்து நின்றார்கள். பிரான்சின் கடராஷில் பல நாடுகள் கூடி எழுப்பும் ‘ஈட்டர்’ உலையில் இந்தியா வைத்துச் சோதிக்க எண்ணிய போர்வைத் தொகுதிக்கான உருக்கு இது. இந்தியா 2005 டிசம்பரில் அந்தக் கூட்டு முயற்சியில் சேர்ந்தது.

இவ்வளவு மினக்கெடுவதற்குக் காரணம் ஒரு துகள். ஐதரசனின் கனத்த வடிவங்களான தூத்தேரியமும் திரித்தியமும் இணையும்போது ஓர் ஈலியக் கருவும் ஒரு நியூத்திரனும் பிறக்கும். நியூத்திரன் 14.1 மில்லியன் இலத்திரன்வோல்ற்று சக்தியோடு, ஒளியின் வேகத்தில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கில் பறக்கும். அதற்கு மின்னேற்றம் இல்லை, ஆகையால் காந்தப்புலம் அதை மறிக்காது. நேரே சுவருக்குள் போய் இரும்பணுவை மோதித் தள்ளும், அந்த அணு பக்கத்து அணுவைத் தள்ளும். இந்தச் சேதத்தை அளக்கும் அலகின் பெயரே ‘அணுவொன்றுக்கு இடப்பெயர்வு’. மின்நிலையமாக ஓடப்போகும் முதல் உலைகளின் உட்சுவர் 20 இடப்பெயர்வைத் தாங்க வேண்டும் என்று வரையறுத்திருக்கிறார்கள். சுவரின் ஒவ்வோர் அணுவும் சராசரியாக 20 தடவை தன் இடத்தைவிட்டுக் கிளப்பப்படும் என்பது இதன் பொருள்.

இடப்பெயர்வு என்ற சொல்லின் பொருளை மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரைக்கு யாரும் விளக்கத் தேவையில்லை. 2007இல் போருக்குத் தப்பி வாவி கடந்து கிழக்கே எழுவான்கரைக்கு வந்து முகாம்களில் தங்கியவர்களின் ஊர்கள் அங்கேதான் இருக்கின்றன. உருக்குக்குள் கிளப்பப்பட்ட அணுக்களில் பெரும்பாலானவை கண்ணிமைப்பதற்குள் ஏதோ ஒரு வெற்றிடத்தில் போய் அமர்ந்துவிடுகின்றன. திரும்ப இடம் கிடைக்காத சிலவும் அவை விட்டுவந்த ஓட்டைகளும் கூட்டங்கூட்டமாகத் திரண்டு நிற்கும். உருக்கு வளைய வேண்டுமானால் அதன் பளிங்கு அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்க வேண்டும். அந்த வழுக்கலுக்கு இந்தத் திரள்கள் முட்டுக்கட்டை. வளைய முடியாத உருக்கு முறிகிறது. 300 பாகை செல்சியசை ஒட்டிய வெப்பத்தில் கதிர்பட்ட ஐரோப்பிய உருக்கில், நொறுங்கும் எல்லை 100 பாகைக்கும் மேலாக ஏறியதை அளந்திருக்கிறார்கள். அறைவெப்பத்தில் வளைந்து கொடுத்துக்கொண்டிருந்த உருக்கு, உலையை நிறுத்தி ஆறவிட்டபின் கற்கண்டாகிவிடக்கூடும்.

இங்கேதான் கல்பாக்கத்தின் கேள்வி வைகாசி இரவின் கேள்வியாகிறது. மின்நிலைய அளவில் ஓடும் இணைவு உலை உலகில் இன்னும் ஒன்றுகூட இல்லை. அந்தச் சுவரை எடுத்து ஊஞ்சலின் கீழே வைக்க வழியில்லை. கட்டுவதற்கு முன்னே அது உடையுமா என்று சொல்ல வேண்டும். கண்ணால் காணாத ஒன்றைப் பற்றி, பிழைத்தால் பெருஞ்சேதம் வரும் ஒரு தீர்ப்பு.

காணாததை அறிவதற்கான நெறியைத் தமிழ்ச் சமயங்கள் அளவை என்றன. அருணந்தி சிவாசாரியாரின் சிவஞான சித்தியார் கடவுளைப் பேசுவதற்கு முன்னாலேயே அளவையைப் பேசுகிறது. எதை அறிந்தோம் என்பதற்கு முன் எப்படி அறிந்தோம் என்று சொல்லியாக வேண்டும் என்ற ஒழுங்கு அது. அளவை ஆறென்பார், பத்தென்பார் என்று அடுக்கிவிட்டு, எல்லாம் காண்டல், கருதல், உரை என்ற மூன்றுக்குள் அடங்கும் என்று முடிக்கிறார் அருணந்தி. காண்டலிலும் ஐயமும் திரிவும் நீங்க வேண்டும் என்கிறார். மெருகூட்டிய உருக்கின் மேலே தெரிகிற கோடு வெடிப்பா, மெருகுத் தூளின் கீறலா என்று உருப்பெருக்கியில் கண்வைத்துத் தயங்குகிறவருக்கு இந்த எச்சரிக்கை புதிதாக இராது.

கருதலுக்கு எல்லாரும் சொல்லும் எடுத்துக்காட்டு மலையில் புகை. புகையைக் கண்டு நெருப்பு உண்டென்று துணிகிறோம். துணிவதற்கு உரிமை தருவது அடுக்களை. அங்கே புகையும் நெருப்பும் சேர்ந்திருக்கக் கண்டிருக்கிறோம். அடுக்களை சிறியது, மலை பெரியது. சிறியதில் கண்ட தொடர்பு பெரியதிலும் பிசகாமல் இருக்கும் என்பதில்தான் முழு வாதமும் தொங்குகிறது.

ஒரு சம்பந்தத்தைக் கவனிக்க வேண்டும். தட்டானின் சொல்லால் கொலையுண்ட கோவலனின் மகள்தான் மணிமேகலை. அவள் பெயரால் அமைந்த காப்பியத்தில் அவள் வஞ்சி மாநகரில் ஒவ்வொரு சமயக் கணக்கரிடமும் போய் அவரவர் கொள்கையைக் கேட்கிறாள். முதலில் சந்திப்பவன் அளவைவாதி. பிறகு காஞ்சியில் அறவண அடிகள் அவளுக்குப் பக்கம், ஏது, திட்டாந்தம் என்று தருக்கத்தை உட்கார்த்திக் கற்பிக்கிறார். பௌத்தர் கொள்ளும் அளவை இரண்டே இரண்டு: காண்டலும் கருதலும். உரைக்குத் தனியிடம் கிடையாது. தந்தையை உரை கொன்றது, மகள் உரையை அளவையாக ஏற்காத பள்ளியில் போய்ச் சேர்ந்தாள். சாத்தனார் இதை எண்ணி அமைத்தாரா என்பது வேறு பேச்சு. இரண்டு காப்பியங்களையும் அடுத்தடுத்து வைத்துப் படிக்கிறவர் கண்ணுக்கு இது தப்பாது.

உரையை ஏற்கும் சைவமும் பாண்டியனுக்குப் பரிந்து பேசாது. சித்தாந்தத்தில் உரை என்பது மாசற்ற முதல்வன் அருளிய நூல், காண்டலும் கருதலும் எட்டாத இடத்துக்கு உரியது. சிலம்பின் பரல் அப்படி எட்டாத பொருளா? ஒரு தட்டு தட்டியிருந்தால் தெரிந்திருக்கும். காண்டலால் தீர வேண்டிய வழக்கை உரையால் தீர்த்தான் பாண்டியன். பௌத்தரும் சைவரும் எவ்வளவோ சண்டை பிடித்தவர்கள். இந்த ஒரு வழக்கில் இரு தரப்பின் தீர்ப்பும் ஒன்றாகவே இருந்திருக்கும்.

அடுக்களைக்கும் மலைக்கும் உள்ள வித்தியாசத்தை மறந்தால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு கப்பற்கதை உண்டு. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கா ‘லிபர்ட்டி’ வகைச் சரக்குக் கப்பல்களை 2,710 கட்டி இறக்கியது. தறையாணி அடிப்பதை விட்டுப் பற்றவைத்து ஒட்டியதால் வேலை விரைந்தது. பிறகு பல கப்பல்களின் உடலில் வெடிப்புகள் தோன்றின, சில இரண்டாகவே பிளந்தன. அதே காலத்தில் அதே முறையில் கட்டிய ‘ஸ்கெனெக்ரடி’ என்ற எண்ணெய்க் கப்பல், கடலோட்டச் சோதனையை முடித்துக்கொண்டு ஒரிகனின் போர்ட்லாந்துத் துறையில் கட்டப்பட்டிருந்தது. புயல் இல்லை, அலை இல்லை. 1943 ஜனவரியில் ஒரு குளிர்ந்த இரவில் பெருஞ்சத்தத்தோடு நடுவே வெடித்து வாயைப் பிளந்தது.

பற்றவைத்தவர்கள்மீது பழி விழுந்தது. கேம்பிரிஜில் இருந்த கொன்ஸ்டன்ஸ் ரிப்பர் என்ற உலோகவியலாளர்தான் உருக்கையே விசாரித்தார். சாதாரண வெப்பத்தில் வளைந்து கொடுக்கும் அந்த உருக்கு, வட அத்திலாந்திக்கின் குளிரில் நொறுங்கும் எல்லைக்குக் கீழே போய்விடுகிறது என்று காட்டினார். பற்றவைப்பு செய்தது வேறொன்று. தறையாணி அடித்த கப்பலில் வெடிப்பு ஒரு தகட்டின் ஓரத்தோடு நின்றுவிடும். முழுதும் ஒட்டிய கப்பலில் நிற்க இடமில்லாமல் ஓடியது. வெதுவெதுப்பான அறையில் இழுத்துப் பார்த்த துண்டு அடுக்களை. குளிர்கடலில் போன கப்பல் மலை.

இணைவு உலைக்காரர்களுக்கு அடுக்களையாகக் கிடைத்திருப்பது இன்றைய அணுப்பிளவு உலை. அதன் நியூத்திரன்களும் இரும்பணுக்களைக் கிளப்பும், ஆனால் சக்தி குறைவு. 14 மில்லியன் இலத்திரன்வோல்ற்று நியூத்திரன் கிளப்புவதோடு நிற்காது, சில அணுக்கருக்களையே மாற்றி அவற்றிலிருந்து ஈலியத்தைப் பிறப்பிக்கும். அணுவொன்றுக்கு ஓர் இடப்பெயர்வு நிகழும்போது உருக்கின் பத்து இலட்சம் அணுக்களுக்கு ஏறத்தாழ 10 ஈலிய அணுக்கள் சேரும். பிளவு உலையில் இது ஒன்றுக்கும் குறைவு. ஈலியம் எவரோடும் சேராத வாயு, உருக்கில் கரையாது. அலைந்து திரிந்து பளிங்குத் துகள்கள் ஒன்றையொன்று தொடும் எல்லைகளில் குமிழியாகத் தங்கும். எல்லை பலவீனப்பட்டால் உருக்கு அந்த வழியே பிரியும். அடுக்களையில் இல்லாத ஒன்று மலையில் இருக்கிறது.

இந்த இடைவெளியை நிரப்பச் செய்த முயற்சிகளில் சில தருக்க நூலில் போலி ஏதுவுக்கு உதாரணமாக வைக்கத் தகுந்தவை. உருக்கில் கொஞ்சம் போரன் சேர்த்துப் பிளவு உலையில் வைத்தார்கள். போரன் நியூத்திரனை விழுங்கி ஈலியம் ஈனும், வேண்டிய ஈலியம் வந்துவிடும். ஆனால் போரனும் துகள் எல்லைகளில் போய்ச் சேரும் பழக்கமுள்ளது. உருக்கு நொறுங்கினால் அது ஈலியத்தின் வேலையா, போரனின் வேலையா? அயனிக் கற்றையால் அடித்துப் பார்ப்பது இன்னொரு வழி, கல்பாக்கத்திலும் அது நடக்கிறது. சில மணி நேரத்தில் பல ஆண்டுச் சேதத்தை உண்டாக்கலாம். சேதமோ தலைமயிர்த் தடிப்பிலும் குறைந்த ஆழத்துக்குத்தான் போகும், ஊஞ்சலின் கீழே வைக்க அது போதாது.

நேரடிச் சாட்சிக்கென்று ஸ்பெயினின் கிரனாடா அருகே ‘டோன்ஸ்’ என்ற நிலையம் எழுகிறது. தூத்தேரியக் கற்றையை உருகி ஓடும் இலித்தியத்தின்மேல் அடித்து, இணைவு உலையின் நியூத்திரனுக்கு நெருங்கியதைப் பிறப்பிப்பது திட்டம். அங்கேயும் கற்றை உக்கிரமாகப் படும் இடம் அரைப் போத்தல் தண்ணீர் கொள்ளும் அளவைத் தாண்டாது. துண்டுகளைச் சின்னஞ்சிறிதாக வெட்டி அடுக்கினால்தான் ஆகும். சின்னத் துண்டு முறிந்ததை வைத்துப் பெரிய சுவர் முறியுமா என்று சொல்ல மறுபடியும் ஒரு கருதல் வேண்டும். காண்டலுக்கு எவ்வளவு கிட்டப் போனாலும் கருதல் கூடவே வருகிறது.

இதே சங்கடத்தைச் சமயம் இன்னும் பெரிய அளவில் சந்தித்திருக்கிறது. குடத்துக்குக் குயவன் உண்டு, அதுபோல உலகுக்கும் ஒரு கருத்தா உண்டு என்பது சைவரின் பழைய வாதம். மண் முதற்காரணம், திரிகை துணைக்காரணம், குயவன் நிமித்த காரணம் என்று பாடசாலைச் சைவநெறிப் புத்தகம்வரை அது வந்திருக்கிறது. குடம் அடுக்களை, உலகம் மலை.

ஏழாம் நூற்றாண்டில் பௌத்த தருக்கவாதி தர்மகீர்த்தி இதை ஒரு புற்றைக் காட்டிக் கவிழ்க்கப் பார்த்தார். புற்றும் மண்ணால் ஆனது, குடமும் மண்ணால் ஆனது. அதனால் புற்றையும் குயவன்தான் செய்தான் என்பதா? பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோல் இருப்பது போதாது, எந்த ஒற்றுமை காரணத்தோடு கட்டுண்டதோ அந்த ஒற்றுமையைக் காட்ட வேண்டும் என்பது அவர் வாதத்தின் சாரம். வேப்பமரத்தடிப் புற்றுக்குப் பாலூற்றுகிற கிழக்கு மாகாணத்தில் இந்த உதாரணம் தனியாக உறைக்கும்.

சைவர் பக்கத்துக்கும் சொல்ல உண்டு. மெய்கண்டாரின் சிவஞான போதம் தொடக்கத்திலேயே பிடித்துக்கொள்வது உருவ ஒற்றுமையை அன்று. உலகம் அவன், அவள், அது என்று சுட்டி அறியப்படுவது, தோன்றி நின்று அழிவது என்ற இயல்பைத்தான் அது பற்றுகிறது. மண் என்பதிலிருந்து மாற்றம் என்பதற்கு ஏதுவை நகர்த்தினால் புற்றின் எதிர்ப்பு எவ்வளவு தூரம் நிற்கும் என்று கேட்கலாம். மாற்றமுள்ள எல்லாவற்றுக்கும் அறிவுள்ள கருத்தா வேண்டுமா என்று எதிர்த்தரப்பு திருப்பிக் கேட்கும். வழக்கு இன்னும் தீரவில்லை. தீராத வழக்கிலிருந்தும் ஒரு பயன் விளைந்தது. எந்த ஒற்றுமையில் உன் வாதம் நிற்கிறது என்று சொல் எனக் கேட்கும் பழக்கம் அதில் வளர்ந்தது. கதிர்பட்ட உருக்கைப் பற்றிய கூட்டங்களில் பிளவு உலைத் தரவோடு ஒருவர் எழுந்தால், மற்றவர் கேட்பது ஈலிய விகிதம் என்ன என்று. அது புற்றுக் கேள்விதான்.

ஒரு வேற்றுமையையும் ஒளிக்கக்கூடாது. உலோகவியலாளரும் உரையை நம்புகிறார், கையேட்டில் அச்சான எண்ணை எடுத்து வரைபடம் போடுகிறார். ஆனால் அந்த எண்ணுக்கு மதிப்பு, யார் வேண்டுமானாலும் இன்னொரு துண்டை வெட்டி மறுபடி உடைத்துப் பார்க்கலாம் என்பதால் வந்தது. உலகுக்கு இரண்டாவது துண்டு கிடையாது. சைவர் அங்கே வேறுவகை உரையை நாடுகிறார், அதை உடைத்துச் சோதிக்கும் ஊஞ்சல் ஒன்றும் இல்லை. இரண்டையும் ஒரே தட்டில் வைத்து, விஞ்ஞானமே சித்தாந்தத்தை நிரூபித்துவிட்டது என்று மேடையில் முழங்குவது இரண்டுக்கும் மரியாதை இல்லை.

இரண்டையும் அறிந்து, குழப்பாமல் வாழ்ந்த ஒருவர் இந்தக் கரையிலேயே பிறந்தார். களுவாஞ்சிக்குடியிலிருந்து தெற்கே கல்முனை தாண்டினால் காரைதீவு. 1892இல் அங்கே பிறந்த மயில்வாகனன் 1916இல் மதுரைத் தமிழ்ச் சங்கப் பண்டிதரானார், அதே ஆண்டில் கொழும்பில் விஞ்ஞான டிப்ளோமாவும் பெற்றார். யாழ்ப்பாணத்தில் விஞ்ஞானம் படிப்பித்தார், இலண்டன் விஞ்ஞானப் பட்டமும் எடுத்தார், 1924இல் துறவு பூண்டு சுவாமி விபுலாநந்தர் ஆனார். காவி கட்டிய பிறகும் 1930களில் சென்னையில் இரசாயனக் கலைச்சொற்களைத் தமிழில் ஆக்கும் பணிக்குத் தலைமை தாங்கினார். உலோகத்தைப் பற்றித் தமிழில் நாலு வரி எழுத இன்று ஒருவருக்கு முடிகிறதென்றால் அதில் அவர் பங்கும் உண்டு.

கருதலுக்கு வரும் ஆபத்து எதிர்பார்த்த திசையிலிருந்தே வரும் என்பதில்லை. ஈட்டர் உலையின் வெப்பக் கவசத்தில் 23 கிலோமீற்றர் குளிர்ப்புக் குழாய் ஓடுகிறது. 2021இல் கசிவுச் சோதனையில் ஒரு பகுதி ஈலியத்தைக் கசிய விட்டது. தோண்டிப் பார்த்தபோது குழாயில் 2.2 மில்லிமீற்றர் ஆழம்வரை வெடிப்புகள். உலையில் அதுவரை ஒரு நியூத்திரனும் பிறக்கவில்லை. குழாயை வளைத்துப் பற்றவைத்ததால் உள்ளே தங்கிய இறுக்கமும், பற்றவைத்த இடங்களுக்கருகே மிச்சமிருந்த குளோரீனும் சேர்ந்து மெல்ல மெல்லத் தின்றிருந்தன. 2022 நவம்பரில் இதை வெளிப்படையாக அறிவித்து, குழாய்களைக் கழற்றி மாற்றும் வேலையில் இறங்கினார்கள். இதனாலும் வேறு காரணங்களாலும் கால அட்டவணை பின்போய், தூத்தேரியமும் திரித்தியமும் இட்டு ஓட்டுவது 2039க்கு வந்திருக்கிறது.

குளோரீன் என்றால் களுவாஞ்சிக்குடியில் உப்புக்காற்று. கிழக்கே கடல், மேற்கே வாவி. புதுச் சைக்கிளின் சங்கிலி ஒரு மாரி தாண்டுமுன் பழுப்பேறும், கூரை ஆணியின் தலை உதிரும். வெளிச்சுவரில் எந்த இரும்பையும் நம்பக்கூடாது என்பது இங்கே வீடு கட்டும் எவருக்கும் தெரிந்த சங்கதி. வருங்கால நியூத்திரனைப் பற்றியே எண்ணிக்கொண்டிருந்த உலகின் மிகப்பெரிய இணைவு உலையை முதலில் வெடிக்க வைத்தது சாதாரண உப்பில் பாதியாக இருக்கும் அதே மூலகம்தான்.

உடைத்துப் பார்ப்பதும் மட்டக்களப்புக்குப் புதிதல்ல. மழை பொய்த்தாலும் கொள்ளைநோய் வந்தாலும் அம்மனைக் குளிர்விக்கக் கொம்புமுறி ஆடுவது இங்கே பழைய வழக்கு. ஊர் வடசேரி, தென்சேரி என்று இரண்டாகும், ஒரு சேரி கோவலன் பக்கம், மறுசேரி கண்ணகி பக்கம். வளைந்த இரண்டு மரக்கொம்புகளை ஒன்றோடொன்று கொளுவி, கயிறு பூட்டி, ஒன்று முறியும்வரை இழுப்பார்கள். கொம்பு தேடிக் காட்டுக்குப் போகிறவர்கள் கணுவில்லாததாக, பூச்சி அரிக்காததாகப் பார்த்து வெட்டுவார்கள். கொளுவிய வளைவின் உட்புறத்தில்தான் இழுவிசை மிக அதிகம், அங்கே ஒரு மறைந்த பழுது இருந்தால் போதும். எவ்வளவு கைதேர்ந்த கண்ணானாலும் இந்தக் கொம்பு முறியுமா என்று வெட்டும்போது உறுதியாகச் சொல்லாது. இழுத்தால்தான் தெரியும், தெரிந்த கணத்தில் கொம்பு இராது.

இதனால்தான் அணுவுலைக்காரர்கள் ஒரு வழி கண்டார்கள். உலைக்கலம் எந்த வார்ப்பில் பிறந்ததோ அதே வார்ப்பின் சிறு துண்டுகளைக் கலத்தின் உட்சுவருக்கு அருகே தொங்கவிடுவார்கள். கலம் வாங்கும் நியூத்திரனை அவையும் வாங்கும். குறித்த ஆண்டுகளில் ஒவ்வொரு கட்டாக வெளியே எடுத்து உடைப்பார்கள். கலம் உடைவதற்கு முன்னே அதன் சாட்சி உடைகிறது. பாண்டியனிடம் இருந்தது வழக்குப்பொருளான ஒற்றைச் சிலம்பு. அதன் சோடி கண்ணகியிடம் இருந்தது. அவன் ஒரு நாள் பொறுத்து, கோவலனின் மனைவியை அழைத்து வரச் சொல்லியிருந்தால் கொலைக்கு முன்னே சாட்சி கிடைத்திருக்கும்.

குறைந்த சேதத்தில் பார்க்க இன்னொரு வழி, தட்டிக் கேட்பது. சந்தையில் சட்டி வாங்குகிற எந்தப் பெண்ணும் அதை விரலால் சுண்டிப் பார்க்காமல் காசு கொடுக்கமாட்டாள். கணீரென்றால் எடுப்பாள், கரகரத்தால் வைத்துவிடுவாள். மீயொலியை உருக்குக்குள் அனுப்பி எதிரொலி கேட்கிற கருவியும் செய்வது இதைத்தான். சுண்டல் இப்போது இருக்கும் வெடிப்பைச் சொல்லும். நாளை அடுப்பிலேற்றும்போது வரப்போகும் வெடிப்பை அது சொல்லாது.

குளிர்த்தி இரவு. வழக்குரை படித்து முடிந்து, சபையில் சிலம்பு உடைந்து, மதுரை எரிந்து, அம்மன் சினம் ஆறும் பாட்டுத் தொடங்கியிருக்கிறது. உடுக்கு ஓய்ந்த இடைவெளியில் பூசகரான கட்டாடியார் கையிலிருக்கும் சிலம்பைக் குலுக்குகிறார். உள்ளே என்ன பரல் என்று கூட்டத்தில் யாரும் கண்டதில்லை. சத்தம் கேட்டதும் பாயில் படுத்திருந்த பிள்ளைகள் எழும்பி உட்காருகிறார்கள்.